பழைய மோட்டார் சைக்கிள்களின் வலு அளவீடு (வன்னி)

இலங்கையின் வன்னிப் பெருநிலப்பரப்பில் மோட்டார் சைக்கிளின் வலு, அதை அளக்கும் கருவியான டைனமோமீற்றரில் ஏற்றி அளக்கப்பட்டதைவிட, ஏற்றிய சுமையாலும் ஓடிய வீதியாலும் மதிப்பிடப்பட்டதே அதிகம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் பழைய வண்டிகள் பல பத்தாண்டுகள் ஓடியுள்ளன. தயாரிப்பாளர் அச்சிட்ட பரிவலுவுக்கும் சில்லில் கிடைத்த வலுவுக்கும் இடையிலான தூரத்தைப் போர்க்காலம் மேலும் கூட்டியது.

எந்திரத்தைத் தடுத்து நிறுத்த முயன்று அதன் வலுவை அறியும் முறையை 1821இல் பிரான்சின் காஸ்பார் டி புரோனி வகுத்தார். 1877இல் வில்லியம் புரூட் கப்பல் எந்திரங்களுக்காக நீர்த்தடுப்பு முறையை அமைத்தார். மோட்டார் சைக்கிளுக்குப் பின்சில்லை இரும்பு உருளையில் ஏற்றும் முறை பின்னர் வந்தது. உருளையின் எடையமைப்பு தெரியும். அது எவ்வளவு விரைவாக வேகம் பிடிக்கிறது என்பதிலிருந்து வலு கணக்கிடப்படும். விளம்பரத்தாளில் உள்ள எண் பெரும்பாலும் எந்திரத் தண்டில் எடுத்தது. கியர், சங்கிலி, ரயர் ஆகியன ஏறத்தாழ 10 முதல் 15 வீதத்தை விழுங்கியபின் எஞ்சுவதையே உருளை காட்டும். ஜப்பானியரின் மெற்றிக் பரிவலு 735.5 வாற்று, பிரித்தானியப் பரிவலு 745.7 வாற்று என்பதால் எண்களை ஒப்பிடும்போதும் சிறு பிசகு வரும்.

வன்னியின் அடையாள வண்டி என்று ஒன்றைச் சொல்வதானால் அது ஹொண்டா எம்.டி. 90 தான். ஜப்பானிய அஞ்சல் சேவைக்காக உருவான இது பழைய வண்டியாக இலங்கைக்கு இறக்குமதியானது. 14 அங்குலச் சில்லு, மூன்று கியர், கைக்கிளச்சு இல்லாத அமைப்பு. எந்திரத்தின் வலு சுமார் 7 பரிவலு. கடிதப்பை சுமக்கப் பிறந்த வண்டியில் நெல்மூட்டையும் குடும்பமும் ஏறின.

1990 யூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்கான பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைத்தற்கரியதானது. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எந்திரத்தை உதைத்து எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அதன் ஒக்ரேன் எண் மிகத் தாழ்வு. சுமை கூடினால் எந்திரம் தட்டும், பிளக்கில் கரி படியும், வெண்புகை தெருவை மூடும். எரியாத எண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி அடியிலுள்ள எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். ஹொண்டாவின் இந்த எந்திரங்களில் கியருக்கும் அதே ஒயில்தான். ஆகவே தேய்மானம் ஓரிடத்தோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் பெர்குசன் உழவு இயந்திரத்தை இவ்வகை எரிபொருளுக்கு அமைத்தபோது அமுக்க விகிதத்தைத் தொழிற்சாலையிலேயே குறைத்தார்கள்; வலு குறைவதையும் ஏற்றுக்கொண்டார்கள். பெற்றோலுக்கென்றே வார்த்த எந்திரத்துடன் வன்னியின் திருத்துநர்கள் அதே வேலையைப் பார்க்க வேண்டியிருந்தது. அது ஒரு பெரும் எரிபொருள் பரிசோதனை. அதன் முடிவுகளை எவரும் உருளையில் ஏற்றி எழுதிவைக்கவில்லை என்பது பொறியியல் வரலாற்றுக்கு இழப்பு.

உருளை இல்லாவிட்டாலும் சமதரை உண்டு. வன்னியின் ஏ9 வீதி பெரும்பகுதி மேடுபள்ளமற்றது. காற்று அடங்கிய வேளையில் அங்கே கிடைக்கும் உச்ச வேகமே ஒரு வலுமானி. நிமிர்ந்து அமர்ந்த ஓட்டுநரோடு 170 கிலோ எடையுள்ள சிறு வண்டி மணிக்கு 80 கி.மீ. ஓட, காற்றுத் தடையையும் ரயர் உருளும் தடையையும் வெல்லச் சில்லில் ஏறத்தாழ 5.8 பரிவலு தேவை. 70 கி.மீ. வேகத்துக்கு 4 போதும். காற்றுத் தடைக்கான வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதே காரணம். ஆகவே வேகமானியில் 10 குறைந்ததை “கொஞ்சம் இழுவை குறைஞ்சு போச்சு” என்று ஓட்டுநர் சொன்னாலும், எந்திரம் தன் வலுவில் ஏறத்தாழ மூன்றிலொன்றை இழந்திருக்கும். வேகமானி பொய் சொல்லாதவரை இந்தக் கணக்கு நம்பத்தக்கது. பழைய வண்டிகளில் அது பெரிய நிபந்தனைதான்.

2002 போர்நிறுத்தத்தோடு ஏ9 திறந்து பெற்றோல் வந்தது. 2006 ஓகஸ்றில் பாதை மீண்டும் அடைபட்டது. 2009இல் போர் முடிந்தபின் தவணைக்கடனில் இந்திய வண்டிகள் பெருகின. வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனை காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் பார்க்கிறது, வலுவை அல்ல.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கம்வரை நீடித்ததால் பழைய வண்டிகளின் ஆயுள் கூடியது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்ரன் இடும் வழக்கத்தால் அவற்றின் கொள்ளளவே மாறுகிறது: 47 மி.மீ. துளை 48 ஆனால் கொள்ளளவு 4 வீதத்துக்குச் சற்று மேல் கூடும். இப்படி இரண்டு முறை கடைந்த எம்.டி. 90 ஒன்றுக்குப் பழைய விளம்பரத்தாளின் 7 பரிவலு பொருந்தாது. அதன் அமுக்கத்தையும் வால்வுக் கசிவையும் வண்டிக்கு வண்டி தனியே பார்த்துத்தான் சொல்ல முடியும்.