தேக்கும் கர்டரும்

வீட்டுச் சுவரின் சட்டகம் மரமா எஃகா என்பது அமெரிக்கர்களின் வாதம். நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இருந்ததில்லை. குளத்தூர் வட்டத்து நார்த்தாமலையில் ஒன்பதாம் நூற்றாண்டின் விஜயாலய சோழீஸ்வரத்தைச் சுற்றி வந்தால் காரணம் புரியும்: இங்கே சுமப்பது சுவர். மரமும் இரும்பும் போட்டியிட்டது கூரையில்தான்.

அதைக் காண மாவட்டத்தின் தெற்கே, ராயவரம், அரிமளம் பகுதிகளின் நகரத்தார் வீடுகளுக்குள் நுழையவேண்டும். தூணும் உத்திரமும் பர்மாத் தேக்கு. 1885-இல் பிரிட்டிஷார் மேல் பர்மாவின் மீது படையெடுக்கச் சாக்காகச் சொன்னது, ஒரு தேக்குக் கம்பெனிக்கு மன்னர் தீபாவின் அரசு விதித்த அபராதத்தை! ரங்கூனில் வட்டித்தொழில் வளர வளர, மரமும் கப்பலேறி இங்கே வந்தது.

இரும்பு கர்டர் பின்னால் வந்தது. கர்டர்களுக்கிடையே செங்கல் வளைவு கட்டி அகலமான கூடங்களை மூடினார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. தேக்கின் வரத்தும் நின்றது. பிறகு இரும்பு கான்கிரீட்டுக்குள் மறைந்துகொண்டது.

எங்கள் கட்சி தேக்குதான். நல்ல வைரத்தேக்கைக் கறையான் எளிதில் தொடாது. ஒழுகும் தளத்தில் கர்டர் துருவேறிப் பருத்து, தன்னைத் தாங்கும் செங்கல்லையே பிளந்துவிடும். ஆனால் பாகப்பிரிவினையில் வீடு இடிபடும்போது இரும்பு எடைக்குப் போகிறது; தேக்குக்கோ தூணாகவே விலை கிடைக்கிறது. அந்த விலைக்காகவே இடிக்கப்பட்ட வீடுகளும் உண்டு. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அவற்றின் தூண்களைக் காணலாம்.