பன்னிரண்டு நாற்காலிகள் பிறந்த கதை

அபிராமபுரத்தை ஒட்டிப் போகும் டி.டி.கே. சாலையின் பெயருக்குரிய டி.டி. கிருஷ்ணமாச்சாரி, அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்தவர். அதே குழுவின் இன்னொரு மேதைக்கு வீடு பக்கத்திலேயே, லஸ் சர்ச் ரோட்டில்: ஏகாம்ர நிவாஸ். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், நெல்லூர்ப் பக்கம் ஒரு கோயில் அர்ச்சகரின் மகனாக 1883இல் பிறந்தவர். அப்பா பெயரையே வீட்டுக்கு வைத்தார். 1929 முதல் 1944 வரை சென்னை மாகாண அட்வகேட் ஜெனரல். குழுவில் தன்னைவிடத் திறமைசாலிகள் இருந்தார்கள் என்று சொன்ன அம்பேத்கர், உதாரணத்துக்கு எடுத்தது இவர் பெயரைத்தான்.

மாநிலங்களவையில் குடியரசுத் தலைவர் நியமிக்கும் இடங்கள் இவர் கண்முன் உருவானவை. மூலம் அயர்லாந்து. அங்கே 1937 அரசியல் சட்டப்படி செனட்டில் 11 பேரைப் பிரதமர் நியமிப்பார். இங்கே 1947இல் நேரு தலைமையில் கூடிய ஒன்றிய அரசியல் சட்டக் குழு, பல்கலைக்கழகங்களைக் கலந்து 10 பேர் வரை நியமிக்கலாம் என்றது. அல்லாடி அதிலும் உறுப்பினர். 1948 வரைவில் அது 15 ஆனது. கூடவே விவசாயம், மீன்வளம், பொறியியல், கட்டடக்கலை, பொது நிர்வாகம் எல்லாம் வந்து உட்கார்ந்தன. ஐரிஷ் செனட்டின் துறைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மீன் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

விவாதத்துக்குப் பின் மிஞ்சியது 12 இடம், நாலே துறை: இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை. சட்டம் இல்லை. வக்கீல்கள் நிரம்பி வழிந்த சபையில் அவர்களுக்கென்று தனி வாசல் எதற்கு என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

ஆனால் 1952இல் முதல் பன்னிருவர் பட்டியல் வந்தபோது, சத்யேந்திரநாத் போஸ், பிருத்விராஜ் கபூர், அடையாறு ருக்மிணி தேவி ஆகியோருடன் அல்லாடியும் இருந்தார். மே 13 அன்று சபை முதன்முதலாகக் கூடியது. மறுநாள் அவருக்கு 69 நிறைந்தது. ருக்மிணி தேவி 1953இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா, 1960இல் மிருகவதைத் தடைச் சட்டம் வரக் காரணமாயிற்று. அல்லாடிக்கோ அவகாசமே இல்லை. 1953 அக்டோபர் 3 அன்று காலமானார். நியமன உறுப்பினராக இருந்தது ஒன்றரை ஆண்டுதான். அவருடைய உழைப்பெல்லாம் அதற்கு முன்பே, குடியுரிமையிலும் அடிப்படை உரிமைகளிலும், முடிந்துவிட்டது.

துறைகள் இன்றும் அதே நாலுதான். ஆனாலும் 1999இல் வக்கீல் ஃபாலி நாரிமனும், 2012இல் நம்மூர் வக்கீல் கே. பராசரனும் அந்த நியமன வழியாகத்தான் உள்ளே போனார்கள்.