லிஸ்பனில் கடைசி நாள்



போட்டோ மட்டும் போடாமல் போன இடத்தைப் பற்றியும் எழுதுங்கள் சேர் என்று பலர் கேட்டிருந்தீர்கள். போர்த்துக்கல் பயணத்தின் கடைசி நாளைப் பற்றி எழுதுகிறேன். மறுநாள் விடிய ஃப்ளைட். பெட்டியெல்லாம் கட்டியாயிற்று. "இண்டைக்கு அவசரமில்லாம நடப்போம்" என்றார் மச்சான்.

எனக்கு மனதில் ஒரு கேள்வி இருந்தது. போன வருடம் போர்த்துக்கேயர் பாடம் படிப்பிக்கும்போது ஒரு மாணவி எழும்பி, "சேர், அவங்களுக்கு எங்களோட என்ன கோபம்? நாங்க அவங்களுக்கு என்ன செஞ்ச?" என்று கேட்டாள். வியாபாரப் போட்டி என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

காலையில் சாவோ ஜோர்ஜ் கோட்டைக்கு ஏறினோம். மேலே நின்றால் நகரமும் தேஜோ ஆறும் ஒன்றாகத் தெரியும். கோட்டைக்குள்ளே முஸ்லிம்கள் வாழ்ந்த வீடுகளின் அத்திவாரங்களைத் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். 8ஆம் நூற்றாண்டிலிருந்து 400 வருடங்களுக்கு மேல் இது முஸ்லிம்களின் நகரம். 1147இல் அபொன்சோ ஹென்ரிக்கேஸ் என்ற மன்னர், சிலுவைப் போருக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த வீரர்களையும் சேர்த்துக்கொண்டு, ஏறக்குறைய நான்கு மாதம் முற்றுகையிட்டு இதைப் பிடித்தார்.

தோற்றவர்களில் மிஞ்சியவர்களுக்குக் கோட்டை மலையின் அடிவாரத்தில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அதன் பெயர் மொராரியா. 'மூரோ'க்களின் குடியிருப்பு என்று அர்த்தம். இன்றும் அதே பெயர்தான். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எங்கள் பிறப்புச் சான்றிதழில் தமிழில் 'இலங்கைச் சோனகர்' என்றும் ஆங்கிலத்தில் 'மூர்' என்றும் இருக்கிறதல்லவா? அந்த 'மூர்' இங்கிருந்து கப்பலேறி வந்த சொல்.

1496 டிசம்பரில் மனுவேல் மன்னர் ஒரு கட்டளை போட்டார். யூதர்களும் முஸ்லிம்களும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். 1497 ஜூலையில், அதே மன்னரின் கட்டளைப்படி, வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் இந்தியாவைத் தேடிப் புறப்பட்டன. 1505இல் இலங்கைக்கு வந்த லொரென்சோ டி அல்மெய்தாவும் மாலைதீவுப் பக்கம் முஸ்லிம் வியாபாரிகளின் கப்பல்களைத் தேடி வந்தவர்தான். அப்போதும் மனுவேல்தான் மன்னர்.

பின்னேரம் ட்ராமில் பெலேம் போனோம். ஜெரோனிமோஸ் மடாலயத்தில் காமாவின் கல்லறை இருக்கிறது. வாசனைத் திரவிய வியாபாரத்தில் எடுத்த வரிப்பணம்தான் இந்த மடாலயத்தைக் கட்ட உதவியது. வெளியே ஒரு கடையில், பன்றிக் கொழுப்பு சேர்ப்பதில்லை என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, முட்டையும் பாலும் போட்ட சின்னப் பேஸ்ட்ரி வாங்கினோம். மேலே தூவிச் சாப்பிடக் கறுவாத் தூள் தந்தார்கள். "எங்கட சாமான எங்களுக்கே தாறாங்க" என்று மச்சான் சிரித்தார்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்த மாணவிக்கான பதில் கிடைத்தது. மகள், நாங்கள் அவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் எங்களைக் காண முதலே எங்களுக்குப் பெயரும் வைத்து, பகைவர் என்று தீர்மானித்தும் விட்டார்கள். தங்கள் ஊர்ச் சண்டையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வியாபாரப் போட்டி பொய்யில்லை. ஆனால் அது பாதிப் பதில்தான்.

மற்றப் பாதியையும் நாங்கள் மறக்கக்கூடாது. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னர் செனரத் கதவைத் திறந்தார். மட்டக்களப்புப் பக்கம் பலரைக் குடியமர்த்தினார். அவர் எங்கள் மார்க்கத்தவர் அல்ல. துரத்தியவரின் பெயரைப் பரீட்சைக்காகப் பாடமாக்குகிறோம். இடம் தந்தவரின் பெயரை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா?

இன்னொன்று. துரத்தப்பட்டவர்களின் சொற்களைத் துரத்த முடியவில்லை. சீனிக்கு 'அசூக்கர்', சோற்றுக்கு 'அர்ரோஸ்', ஒலிவ் எண்ணெய்க்கு 'அஸெய்ட்டே' என்கிறார்கள். எல்லாம் அரபு. எதையாவது ஆசைப்பட்டால் 'ஒஷலா' என்கிறார்கள். அல்லாஹ் நாடினால் என்ற அரபுப் பேச்சிலிருந்து வந்தது அது. நாங்களோ காலையில் பாண் சாப்பிட்டு, அலுமாரி திறந்து, சப்பாத்துப் போட்டு, மேசையில் இருந்து இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறோம். இவையெல்லாம் அவர்கள் விட்டுப்போனவை.

மஃரிப் நேரம் மொராரியாவுக்கே திரும்பி வந்தோம். இன்று அந்தத் தெருக்களில் வங்காளதேசத்தவரின் கடைகள் நிறைய. ஹலால் சாப்பாட்டுக் கடையில் நுழைந்ததும் ஸலாம் சொல்லி, எந்த ஊர் என்று கேட்டார்கள். இலங்கை என்றோம். 1496இல் முஸ்லிம்களை வெளியே போகச் சொன்ன அதே நகரத்தில் சோறும் மாட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டுவிட்டு, மெதுவாக நடந்து அறைக்குப் போனோம்.

பாடசாலை தொடங்கியதும் முதல் வேலை, அந்த மாணவியைத் தேடிப் பதில் சொல்வது. கூடவே அவளிடம் ஒன்று கேட்கப் போகிறேன். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை, அவர்களோடு ஒரு நாளும் பேசிப் பார்க்காமலே, நாங்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்?

நீங்களும் யோசித்துப் பாருங்கள். வஸ்ஸலாம்.