மீரியபெத்த: செய்யாமை என்னும் குற்றம்

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரை மணியளவில், பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்ல பிரதேசத்தில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்தின் மேல் மலை சரிந்து இறங்கியது. லயன் வரிசைகள் சில நிமிடங்களில் மண்ணுக்குள் மறைந்தன. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது அவர்களில் பலருக்கு வீடும் இல்லை, வீட்டில் விட்டுச் சென்றவர்களும் இல்லை. முதல் நாள்களில் நூறு, இருநூறு, முந்நூறு என்று செய்திகளில் ஏறிக்கொண்டே போன எண்ணிக்கை, பின்னர் அதிகாரிகளின் கணக்கில் நாற்பதுக்குள் இறங்கிற்று. பல உடல்கள் மீட்கப்படவேயில்லை.

ஐந்தே வாரங்களுக்கு முன்னர், செப்டெம்பர் 20 ஆம் திகதி, ஊவா மாகாண சபைத் தேர்தல் நடந்து முடிந்திருந்தது. வாக்குக் கேட்டு ஏற முடிந்த மலைக்கு, மக்களை இறக்கிக் கொண்டுவரும் ஏற்பாடு மட்டும் ஏறவில்லை.

மண்சரிவு இயற்கையின் சீற்றம். அதற்கு யார் பொறுப்பு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த இடம் குடியிருப்புக்கு உகந்ததல்ல என்று 2005 இல் ஒருமுறையும் 2011 இல் மறுமுறையும் எச்சரித்திருந்தது. அந்த நிறுவனம் அரச நிறுவனம். எச்சரித்ததும் அரசு, எச்சரிக்கையைப் பெற்றதும் அரசு. அனர்த்தத்தின் பிறகு, “சொன்னோம், மக்கள் போகவில்லை” என்ற விளக்கம் எழுந்தது. எங்கே போவது? லயன் அறை தொழிலாளிக்குச் சொந்தமல்ல. அது நிற்கும் நிலம் 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் அரசுடைமையாகி, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட நிலம். வேறொரு துண்டு நிலம் காட்டப்படாத ஒருவனிடம் “எழுந்து போ” என்பதை எச்சரிக்கை என்று கொள்ளலாம். ஏற்பாடு என்று கொள்ள முடியாது. பிரதேச சபை உதவியிருக்கலாமே என்றால், 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை செலவு செய்வதற்கே தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018 இல், மலை சரிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்.

ஆக, கம்பனிக்கு அரசு பொறுப்பு, அரசுக்குக் கம்பனி பொறுப்பு, இருவருக்கும் மழை பொறுப்பு. இந்த வட்டத்தை உடைக்கும் இடம் நீதிமன்றம் ஒன்றுதான். பதுளை மாவட்டத்துக்கு அந்த இடத்தில் ஏற்கெனவே கசப்பான ஓர் அனுபவம் உண்டு.

பண்டாரவளைக்கு அருகிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம் மீரியபெத்த இருக்கும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது. 2000 ஒக்டோபர் 25 ஆம் திகதி காலை, திரண்டு வந்த கும்பலொன்று அங்கிருந்த தமிழ் இளைஞர்களை வெட்டியும் அடித்தும் எரித்தும் கொன்றது. இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கில் அல்ல, சில மணிநேரப் பழக்கமுள்ள செய்தியாளன் எண்ணிவிடக்கூடிய தொகையில், அறுபது பேர் வரையான ஆயுதம் தரித்த பொலிஸார் அவ்விடத்தில் நின்றிருந்தார்கள். முந்தைய நாளிலிருந்தே பதற்றம் தெரிந்திருந்தது. அதற்காகவே அவர்கள் அங்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, ஆளும் இருந்தது, செயல் இல்லை.

ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று நீதியரசர் குலதிலக தலைமையில் விசாரித்தது. அதன் அறிக்கையை அரசு மக்கள்முன் வைக்கவில்லை. (நீண்ட காலப் பத்திரிகைத் தொழிலில் நான் கண்டது இது: ஆணைக்குழு நியமனம் முதற்பக்கச் செய்தி, அறிக்கை கையளிப்பு ஒரு புகைப்படம், அதற்கப்பால் செய்தியே இல்லை.) சட்டமா அதிபர் 41 பேர் மீது குற்றம் சுமத்தினார். மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் 2003 ஜூலை 1 ஆம் திகதி ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்களில் இருவர் பொலிஸ் அதிகாரிகள். மேன்முறையீட்டின் முடிவில், 2005 மே 27 ஆம் திகதிக்குப் பின், அந்த ஐவரில் ஒருவர்கூடக் குற்றவாளியாக எஞ்சவில்லை.

இங்கே நீதிபதிகளைத் தூற்றுவது எளிது. நான் அதைச் செய்யப்போவதில்லை. சுமத்தப்பட்ட குற்றம் சட்டவிரோதக் கூட்டத்தின் பொது நோக்கத்தில் பங்கு கொண்டமை. சும்மா நின்ற பொலிஸ்காரன் கும்பலின் நோக்கத்தில் பங்காளி என்று நிறுவ வேண்டியிருந்தது, அது நிற்கவில்லை. ஆனால் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, ‘செய்கை’ என்ற சொல்லுக்குள் சட்டவிரோதமான விடுகையையும் சேர்த்தே பேசுகிறது. காக்க வேண்டியவன் காக்காமல் விட்டான் என்ற அந்தக் குற்றம்தான் பிந்துனுவெவயின் நடுநாயகமான குற்றம். இறுதியில் அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தப் பதிலை நீதிமன்றம் கேட்டு வாங்க முடியும் என்பதை நாங்கள் 2023 ஜனவரி 12 அன்று கண்டோம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்கு முன்னர் புலனாய்வு எச்சரிக்கை வந்திருந்தது. அதன்மீது செயற்படாமை அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் (தமிழக வாசகர்கள் ‘உச்ச நீதிமன்றம்’ என்று படிக்கவும்) தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தமது சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்றது. பொலிஸ் மா அதிபராக இருந்தவரும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவராக இருந்தவரும் தலா 7.5 கோடி. குண்டு வைத்தவர்கள் வேறு யாரோ; கடிதத்தைப் படித்துவிட்டு மேசையில் வைத்தவர்கள் இவர்கள். அவர்களுடைய சட்டைப்பையைத் தொட்டது அத்தீர்ப்பு. என் தொழில் வாழ்வில் நான் வாசித்த இலங்கைத் தீர்ப்புகளில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே.

அதே அளவுகோலை மீரியபெத்தையின் மேல் வைத்துப் பாருங்கள். அங்கே எச்சரிக்கை வந்தது நாள் கணக்கில் அல்ல, ஒன்பது ஆண்டுகளுக்கு முன். பிறகு மீண்டும் மூன்று ஆண்டுகளுக்கு முன்.

ஆனால் அளவுகோல் இருக்கும் இடம் வேறு, ஆள் இருக்கும் இடம் வேறு. அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரையின்படி, அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதுவும் கொழும்பு புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்தில் மட்டுமே. அனர்த்தம் நடந்த அந்த ஒரு மாதத்தில் மீரியபெத்தை மக்கள் முகாமில் இருந்தபடி, மண்ணுக்குள் தாயைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சாதாரண நாளிலேயே வேலைக்குப் போகாதவனுக்கு அன்றைய ‘பேர்’ கிடையாது. பதுளை நீதிமன்றங்களின் ஏடுகள் சிங்களத்தில். இதற்கெல்லாம் பின்னால் இன்னொரு நீளமான நிழலும் இருக்கிறது: 1948 இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய இந்தச் சமூகத்தில் கடைசியாக எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003 இல். உரிமை மீறப்பட்டது என்று அரசைக் கூண்டில் ஏற்றும் பழக்கம், தன்னைக் குடிமகன் என்று அரசு ஒப்புக்கொண்ட பதினோராம் ஆண்டிலேயே ஒருவனுக்கு வந்துவிடுமா?

ஒரு மாதக் கெடு மனுதாரருக்குத்தான். அதே உறுப்புரை நீதிமன்றத்துக்கும் ஒரு கெடு வைக்கிறது: மனு தாக்கலான இரண்டு மாதங்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். உயிர்த்த ஞாயிறு மனுக்கள் 2019 இல் தாக்கலானவை. தீர்ப்பு வந்த ஆண்டு 2023. ஏழையின் கெடு இரும்பு, அரசமைப்பின் கெடு ரப்பர் என்று ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்தார், மறுக்கவில்லை.

நாட்டுக்கு விரைவு தெரியாது என்றும் சொல்ல முடியாது. பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான குற்றப்பிரேரணை 2012 நவம்பர் 1 அன்று சபாநாயகரிடம் கையளிக்கப்பட்டது. 2013 ஜனவரி 13 அன்று அவர் பதவியில் இல்லை. பத்து வாரம் சற்றே மிகை. நீதிபதி பதில் சொல்ல வேண்டியவர்தான், ஐயமில்லை. ஆனால் அரசுக்கு உவப்பில்லாத தீர்ப்புக்குப் பின் அந்தப் பொறுப்புக்கூறல் ஓட்டமெடுத்ததையும், தோட்டத்து லயனின் கோப்பு ஒன்பது ஆண்டுகள் நகராமல் கிடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

உயிர் தப்பியவர்களுக்கு மகல்தெனிய தோட்டத்தில் 75 வீடுகள் 2016 இல் கையளிக்கப்பட்டன; அதுவரை இரண்டு ஆண்டுகள் அவர்கள் தற்காலிக இடங்களில் கழித்தார்கள். 2023 மார்ச் மாதம், அந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து இரண்டு மாதங்கள்கூட நிறைந்திருக்கும், பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயன் அறைகளைச் சிதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கை முழுவதிலும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது, மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அப்போதும் எச்சரித்திருந்தது.