குதித்தது யார் குற்றம்?

காலை ஆறு மணிக்கு போன். கல்லூரித் தோழன். குரலில் சுரத்தே இல்லை.

'போயிடுச்சுடா.'

பதறிவிட்டேன். அவன் வீட்டில் வயதான அப்பா, அம்மா இருக்கிறார்கள். யார் என்று கேட்க வாய் வரவில்லை. அவனே சொன்னான்.

'ஃபயர் ஃபிஷ்டா. சோபாவுக்கு அடியில கிடக்குது. காஞ்சு கருவாடா.'

ஹாலில் கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறான். நல்ல தண்ணீர் அல்ல, உப்புத் தண்ணீர். பாறை, பவளம், பம்ப், விளக்கு என்று ஆறு மாதம் உழைத்து அதை உருவாக்கினான். ஃபயர் ஃபிஷ் விரல் நீளம்தான் இருக்கும். முன் பாதி வெள்ளை, பின் பாதி நெருப்புச் சிவப்பு. தலைக்கு மேல் ஆன்டெனா மாதிரி ஒரு நீண்ட துடுப்பு. வாங்கி வந்து நான்கே நாள்.

'உப்பு சரி, சூடு சரி, தண்ணியில ஒரு குறையும் இல்ல. அப்புறம் எதுக்குடா தற்கொலை பண்ணிக்கணும்?'

நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் என்றால் பதில் சொல்வேன். மீனின் மனசு எனக்கென்ன தெரியும்? ஆனாலும் அந்தத் 'தற்கொலை' உறுத்திக்கொண்டே இருந்தது. தேடிப் படித்தேன். கிடைத்த கதை இது.

1846. இங்கிலாந்தின் டார்கீ கடற்கரை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் துணை டீன் ஒருவருடைய மனைவி அங்கே போயிருந்தார். பெயர் அன்னா தின். பாறையில் ஒட்டியிருந்த பவள உயிர்களைப் பார்த்தார், மயங்கினார், ஜாடியில் போட்டு லண்டனுக்கே கொண்டு வந்துவிட்டார்.

வந்த பிறகுதான் சிக்கல். லண்டனில் கடலுக்கு எங்கே போவது? வெளியூரிலிருந்து கடல் நீரைத் தருவித்தார். அதுவும் கெட்டுப்போனால்? பணிப்பெண்ணைக் கூப்பிட்டார். திறந்த ஜன்னல் முன்னால் நின்றுகொண்டு, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு அந்தத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றச் சொன்னார். அரை மணி, முக்கால் மணி நேரம். அசல் டீக்கடை மாஸ்டர் டெக்னிக்! காற்று கலந்தது. தண்ணீர் உயிர் பெற்றது. ஏறக்குறைய மூன்று வருடம் கடல் உயிர்களை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார் அந்த அம்மணி.

ஒரே ஒரு கவலைதான் அவருக்கு இல்லை. பவளம் குதிக்காது.

பிரிட்டனில் கண்ணாடி மீதான வரியை 1845-ல்தான் நீக்கியிருந்தார்கள். விலை இறங்க, கண்ணாடித் தொட்டிகள் பெருகின. 1853-ல் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையில் மீன்களுக்கென்றே ஒரு மாளிகை திறந்தார்கள். உலகின் முதல் பொது மீன் காட்சியகம் அதுதான். அடுத்த வருடமே ஃபிலிப் ஹென்றி கோஸ், 'தி அக்வேரியம்' என்று புத்தகம் போட்டார். வீட்டுக்கு வீடு தொட்டிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல் நீர் தயாரிக்கும் வழியையும் கோஸ் எழுதினார். கடலே இல்லாத ஊரிலும் கடல்!

அந்த அலை நம் மெரினாவையும் தொட்டது. 1909-ல் கடற்கரையிலேயே மீன் காட்சியகம் திறந்தார்கள். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் மூடிவிட்டார்கள்.

கவனித்தீர்களா? அன்னா தின் தொடங்கி என் நண்பன் வரை எல்லாருக்கும் தண்ணீரைப் பற்றியே கவலை. 1970, 80-களில் ஜெர்மனியின் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் அந்தக் கவலையையும் பெருமளவு தீர்த்தார்கள். கடலிலிருந்து உயிருள்ள பாறைகளை எடுத்துத் தொட்டியில் வைத்தார்கள். பாறையில் குடியிருக்கும் பாக்டீரியா, தண்ணீரைச் சுத்தம் செய்தது. பவளத்துக்கு வெயில் வேண்டுமே? சக்தி வாய்ந்த மெட்டல் ஹேலைடு விளக்குகளை மேலே தொங்கவிட்டார்கள். கண்ணாடி மூடி போட்டால் அதில் உப்புப் படிந்து வெளிச்சத்தைத் தடுக்கும், சூடும் உள்ளேயே தங்கும். எடு மூடியை!

பவளம் செழித்தது. தொட்டி அழகாக இருந்தது. மீன் தரையில் கிடந்தது.

ஏன் குதிக்கிறது? அதற்கு பஹாமாஸ் தீவுகளில் இருக்கும் பிமினிக்குப் போகவேண்டும்.

அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த லெஸ்டர் அரான்சன், அங்கே ஒரு குட்டி மீனைக் கவனித்துக்கொண்டிருந்தார். கோபி இனம். நம் ஊரில் உளுவை என்போமே, அந்த வகையறா. கடல் உள்வாங்கும்போது பாறைக் குழிகளில் தேங்கும் தண்ணீரில் அது இருக்கும். ஆபத்து வந்தால் ஒரே தாவு. பாறையில் விழாது, மிகச் சரியாக அடுத்த குழியில் போய் விழும். தேவைப்பட்டால் அங்கிருந்து இன்னொரு குழிக்கு.

இருக்கிற குழியிலிருந்து அடுத்த குழி அதன் கண்ணுக்கே தெரியாது. பிறகு எப்படி? கடல் ஏறியிருக்கும்போது அதே பாறைகளுக்கு மேல் நீந்தி, எங்கே பள்ளம், எங்கே மேடு என்று மனப்பாடம் செய்துகொள்கிறது. 1951-ல் இதை எழுதினார் அரான்சன். விடவில்லை. 1971-ல் அடுத்த கட்டுரை. ஒரே ஒரு முறை ஏற்றத்தில் நீந்த விட்டால் போதும், மீன் வழி கற்றுக்கொள்கிறது. 40 நாள் கழித்தும் மறப்பதில்லை! சாவியை எங்கே வைத்தேன் என்று தினமும் தேடுகிற நாம், மீனுக்கு மூளை கம்மி என்கிறோம்.

நண்பனின் ஃபயர் ஃபிஷ் பாறைக்குழி ஜாதி இல்லை. அது பவளப்பாறை ஓரத்து மணலில், தன் பொந்துக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். மிரண்டால் அம்பு மாதிரி பொந்துக்குள் பாயும். புதுத் தொட்டியில் பொந்து எங்கே என்று தெரியாது. திடீரென்று விளக்கு அணைகிறது, அல்லது பழைய மீன் ஒன்று விரட்டுகிறது. பாய்ந்தே ஆகவேண்டும். மேலே மட்டும்தான் தடை இல்லை. கடலில் மேலே போனால் மறுபடி கடலில்தான் விழும். ஹாலில் மொசைக் தரை.

ஆக, அது சாகக் குதிக்கவில்லை. பிழைக்கக் குதித்தது. தண்ணீர்க் கணக்கைப் பைசா சுத்தமாக எழுதிய நாம்தான், மூடி என்ற ஒரு வரியை விட்டுவிட்டோம்.

பரிகாரம் பெரிய விஷயமில்லை. அலுமினியச் சட்டத்தில் கால் அங்குலக் கண்ணுள்ள, நிறமில்லாத வலையை இழுத்துக் கட்டினால் போதும். வெளிச்சமும் காற்றும் தடைபடாது. ஒயர், குழாய் நுழையும் மூலைகளை மறந்துவிடாதீர்கள். இரண்டு விரல் இடைவெளி தாராளம் அதற்கு. விளக்கைப் பட்டென்று அணைக்காமல் படிப்படியாகக் குறைக்கலாம். புது மீன் வருமுன் ஒளிய பாறை இடுக்குகள் தயாராக இருக்கட்டும். தரையில் கிடப்பதைப் பார்த்தால், ஈரமாக இருக்கும்பட்சத்தில், கையை நனைத்துக்கொண்டு எடுத்து உடனே தண்ணீரில் விடுங்கள். சில சமயம் பிழைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். 'மூடி வேண்டாம் சார், லுக் போயிடும்னு கடைக்காரர் சொன்னாரேடா' என்றான். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையே வலை அடித்துவிட்டான். அடுத்த மாதம் இன்னொரு ஃபயர் ஃபிஷ் வந்தது.

இரண்டாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு போன்.

'இப்பதான் டொக்குன்னு ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். வலையில இடிச்சுட்டுத் திரும்ப தண்ணியிலயே விழுந்துடுச்சுடா. கல்லு இடுக்குல ஒளிஞ்சுக்கிட்டு எட்டிப் பார்க்குது.'

தற்கொலை என்ற வார்த்தையை அதற்கப்புறம் அவன் சொல்லவேயில்லை.