கலைந்த கப்பலணி

பெருங்கூட்டத்தில் ஒருவராய் இருப்பது பாதுகாப்பாகுமா? கடற்போர் வரலாறு விடை பகர்கிறது.

1917ஆம் ஆண்டில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள், தனித்துச் சென்ற வணிகக் கப்பல்களை வேட்டையாடின. பிரிட்டன் அவற்றைத் திரட்டிப் போர்க்கப்பல் காவலுடன் அனுப்பலாயிற்று. இழப்பு வெகுவாகக் குறைந்தது. பரந்த கடலில் ஒரு திரளைக் காண்பதும் ஒற்றைக் கப்பலைக் காண்பது போன்றே அரிது. கண்டாலும் காவலை மீற வேண்டும்.

1942 ஜூலை 4இல், ஆர்க்டிக் கடல் வழியே ருஷ்யா நோக்கிச் சென்ற 'பி.க்யூ. 17' அணியை, 'டிர்பிட்ஸ்' என்னும் ஜெர்மானியப் பெரும் போர்க்கப்பல் தாக்கக்கூடுமென அஞ்சி, கலைந்து செல்லுமாறு லண்டன் ஆணையிட்டது. காவற்கப்பல்கள் விலகின. டிர்பிட்ஸ் அவ்வணியை எட்டவேயில்லை. ஆயினும் விமானங்களும் நீர்மூழ்கிகளும் தனித்தவற்றைத் தேடித் தாக்கின. புறப்பட்ட 35 வணிகக் கப்பல்களில் 24 அழிந்தன. பெரும்பாலானவை கலைந்த பின்னரே.

எண்ணிக்கை காக்கும், அஞ்சிக் கலையாதவரை, காவல் கைவிடாதவரை.