மூக்கை அளந்த கணக்கு

1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் வரும். அந்த எண் கூடக்கூடச் சமூகப் படியில் இடம் இறங்கும் என்று வாதிட்டவர் ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற அதிகாரி. 1909இல் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் சேர்வராயன் மலை மலையாளிகளும் இருக்கிறார்கள். பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ். ஜவ்வாது மலையில் வாழும் நாங்களும் அதே பெயர்க்காரர்கள்தான்.

படிக்கச் சமவெளிக்கு இறங்கியபோது விடுதியில் என்னைச் ‘சப்பை மூக்கு’ என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட பெண்கள் யாரும் தர்ஸ்டனைப் படித்தவர்கள் இல்லை. அகன்ற மூக்கு கீழானது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த எண்ணத்தை வெள்ளைக்காரர்கள் புதிதாகக் கொண்டுவரவில்லை. சாதி ஏற்கெனவே வைத்திருந்த பார்வைக்கு அறிவியல் என்ற பெயரைக் கொடுத்தார்கள்.

அளப்பவர் கை நடுநிலையானது அல்ல என்பதற்கு இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டனே சாட்சி. தெருவில் எதிர்ப்பட்ட பெண்களை அழகி, சுமார், அருவருப்பு என மூன்றாகப் பிரித்து, மறைத்து வைத்த காகிதத்தில் ஊசியால் குத்திக் கணக்கெடுத்தார். தாங்கள் எண்ணப்படுவது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. முதலிடம் லண்டனுக்கு, கடைசி இடம் அபர்டீனுக்கு என்று 1908இல் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். லண்டன் அவர் குடியிருந்த ஊர்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது நம் பழமொழி. 1968இல் உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் இதற்குப் பக்கத்தில் வரும் ஒன்றைச் சோதனையில் காட்டினார்: திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதாலேயே ஒன்று நமக்குப் பிடித்துப்போகிறது. அப்படியானால் எந்த முகம் நம் கண்ணில் அடிக்கடி படுகிறது என்பதே கேள்வி. 1975இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ விற்பனைக்கு வந்தது முதல் விளம்பரம் காட்டியது வெளுத்த முகத்தை. 2020இல் பெயரிலிருந்த ‘ஃபேர்’ போனது. மலைப்பெண்ணின் முகம் விளம்பரத்துக்குள் இன்னும் வரவில்லை.

இது மனவருத்தத்தோடு முடிகிற விஷயம் அல்ல. அழகான முகத்தைப் படத்தில் பார்த்தவர்கள், அவர் நல்ல குணமுள்ளவர், நல்ல வேலையில் உயர்வார் என்றும் நினைத்துக்கொள்வதை 1972இல் கேரன் டியானும் அவருடன் ஆய்ந்தவர்களும் கண்டறிந்தார்கள். நேர்முகத் தேர்வு மேசைக்கு எதிரே எங்கள் மலைப்பெண் உட்காரும்போது, அவள் மதிப்பெண் பட்டியலைத் திறக்கும் முன்பே அவள் முகத்துக்கு மதிப்பெண் போட்டு முடித்துவிடுகிறார்கள்.